ஒரே செயலி, ஏலக் கொட்டகை முதல் படகு கேபின் வரை

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை என்று ராமநாதபுரம் கடற்கரையோரம் புழங்கும் ஒரு மீன் கணக்குச் செயலியை நான் பராமரித்து வருகிறேன். கடலில் வலை இழுத்ததும் எத்தனை பெட்டி என்று அதில் குறித்துக்கொள்ளலாம். கரைக்கு வந்த பிறகு எந்த மீன், எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போனது என்று ஏற்ற வேண்டும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து மிச்சத்தை ஆளுக்கு ஆள் பங்கு பிரித்துக் காட்டும். வேறொருவர் எழுதி வைத்திருந்த செயலி அது. என் கைக்கு வந்தபோது கூட்டல் கழித்தலில் ஒரு குறையும் இல்லை. புகார்கள் வேறு மாதிரி இருந்தன. "என் போன்ல சேமிக்கிற பட்டனே இல்ல." "போனைத் திருப்புனா அடிச்சதெல்லாம் போயிருது." "டேப்ல பாதிப் பக்கம் சும்மா வெள்ளையாக் கிடக்கு." மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். மேசையில் இருந்த ஒரே ஒரு போனை, நிமிர்த்திப் பிடித்தபடி பார்த்து எழுதப்பட்ட செயலி அது.

இந்தக் கடற்கரையில் அப்படிப்பட்ட ஒற்றைப் போன் கிடையாது. கீழக்கரையில் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர் கடைக்குப் புது டேப் (டேப்லெட்) ஒன்றைக் கொண்டுவருவார். கடையில் இருந்த பெரிய போன் தம்பிக்குப் போகும். தம்பியின் பழைய ஐந்து இஞ்ச் போன் எடை போடும் பையனுக்குப் போகும். ஒரே கடையில் ஒரே கணக்கை மூன்று அளவுத் திரையில் மூன்று பேர் பார்ப்பார்கள். பாம்பன் பக்கம் விசைப்படகுகளில் டிரைவர் நிற்கும் கேபினில் ஜிபிஎஸ் கருவிக்குப் பக்கத்தில் போனையும் படுக்கை வாக்கில்தான் மாட்டியிருப்பார்கள், நிமிர்த்தி மாட்ட அங்கே இடமில்லை. மீன் வாடியில் (ஏலம் நடக்கும் கொட்டகையில்) கணக்கு எழுதும் அக்காமார் எழுத்தை ஆகப் பெரிதாக வைத்திருப்பார்கள். இவர்களில் யாரும் போனைத் தவறாகப் பிடிக்கவில்லை. அவரவர் வேலையும் நிற்கும் இடமும் அப்படி. செயலிதான் அங்கே போய்ப் பொருந்த வேண்டும்.

முதலில் அளவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். திரையைப் பிக்சலில் யோசிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஆண்ட்ராய்டில் அளவுகோல் டிபி. ஒரு இஞ்சுக்கு 160 புள்ளிகள் இருக்கும் திரையில் 1 டிபி என்பது 1 பிக்சல். புள்ளிகள் நெருங்க நெருங்க ஒரு டிபிக்குள் அடங்கும் பிக்சல்களும் கூடும். 720-க்கு 1280 பிக்சல், 320 டிபிஐ (ஒரு இஞ்சுக்கு 320 புள்ளி) உள்ள அந்தப் பழைய ஐந்து இஞ்ச் போன், டிபியில் 360-க்கு 640. 1080-க்கு 2400 பிக்சல், 420 டிபிஐ உள்ள இப்போதைய போன் ஏறத்தாழ 411-க்கு 914. பிக்சலைப் பார்த்தால் ஒன்றரை மடங்கு அகலம் என்று தோன்றும். உண்மையில் கூடுதலாகக் கிடைப்பது 51 டிபி, ஒரு விரல் வைக்கும் இடம். 1920-க்கு 1200 பிக்சல், 240 டிபிஐ உள்ள பத்து இஞ்ச் டேப் 1280-க்கு 800.

இந்த அளவுகளை கூகுள் வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அகலம் 600 டிபிக்குக் கீழே இருந்தால் குறுகல், 600 முதல் 839 வரை நடுத்தரம், 840-லிருந்து விரிவு. உயரத்துக்கும் தனியாக உண்டு: 480-க்குக் கீழே குறுகல், 900-லிருந்து விரிவு. இதில் அகலத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். உயரத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. கேபினில் வந்த பிரச்சினை முழுக்க உயரத்தில்தான் இருந்தது.

பழைய செயலியில் ஒரு விதி இருந்தது. அகலம் 840-ஐத் தாண்டினால் டேப் என்று எடுத்துக்கொண்டு திரையை இரண்டாகப் பிரித்துவிடும்: இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் விவரம். டேபில் அது நன்றாகவே இருந்தது. ஆனால் 411-க்கு 914 போனைப் படுக்க வைத்தால் அகலம் 914 ஆகிவிடுகிறதே! செயலி அதையும் டேப் என்று நம்பிவிடும். பாம்பன் டிரைவர் ஒருவர் கேபினில் மாட்டியிருந்த போனைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்: "தம்பி, இந்தப் பக்கம் மூணு வரி, அந்தப் பக்கம் மூணு வரி. கை ஸ்டீயரிங்ல இருக்கு. இதுல நான் எதைத் தள்ளி எதைப் பார்க்குறது?"

அவர் சொன்ன மூன்று வரி கணக்கிலும் சரியாக வந்தது. படுக்க வைத்த போனின் உயரம் 411 டிபி. மேலே நேரம், பேட்டரி காட்டும் பட்டைக்கு 24 போகும். தலைப்புப் பட்டைக்கு 64. கீழே மெனு பட்டைக்கு 80. மிச்சம் 243. ஒரு பதிவுக்கு 72 டிபி உயரம் வைத்தால் மூன்று பதிவுதான் தெரியும், நான்காவது பாதிகூடத் தெரியாது. அலையில் ஆடும் கேபினில் ஒரு கையால் அதைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை.

இப்போது இருக்கும் விதி இதுதான்: அகலம் 840-க்கு மேல், உயரம் 480-க்கு மேல், இரண்டும் சேர்ந்து இருந்தால் மட்டுமே இரண்டு பலகை. உயரம் குறைவாக இருந்தால் ஒற்றைப் பலகை, கீழ் மெனு பட்டை இடப்பக்கம் செங்குத்துப் பட்டையாகப் போய்விடும், தலைப்பும் அதற்குள்ளேயே ஒதுங்கிக்கொள்ளும். படுக்கை வாக்கில் அகலம் தாராளமாக இருக்கிறது, அதில் 80 போனால் நட்டமில்லை. உயரத்தில் 80 போனால் பெரிய நட்டம். இந்த மாற்றத்துக்குப் பிறகு அதே போனில் ஐந்து பதிவுகள் முழுசாகத் தெரிகின்றன.

கேபினில் இன்னொன்றும் தெரிந்தது. போனைப் படுக்க வைத்தால் முன் கேமரா துளை இடப்பக்கமோ வலப்பக்கமோ வந்துவிடும். எந்தப் பக்கம் என்பது மாட்டுகிறவர் கையில் இருக்கிறது. சார்ஜர் வயர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதற்கு ஏற்றபடி மாட்டுவார்கள். ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காக வைத்து எழுதும் செயலிகள் திரையின் விளிம்பு வரை விரிந்துதான் ஆக வேண்டும், அது கட்டாயம். அதனால் துளை இருக்கும் இடத்தையும் மேல் கீழ் பட்டைகளையும் போனின் இயங்குதளம் சொல்லும் இன்செட் (விளிம்பில் விட வேண்டிய இடம்) அளவிலிருந்து வாங்கி, அவ்வளவு ஒதுங்கி எழுத வேண்டும். நாமாக 24, 48 என்று எண் போட்டு ஒதுக்கினால் ஒரு படகில் சரியாக இருக்கும், பக்கத்துப் படகில் மீன் பெயரின் முதல் எழுத்தைத் துளை விழுங்கிவிடும். ஃபிளட்டரில் (கூகுளின் செயலி எழுதும் கருவித்தொகுப்பு) எழுதுகிறவர்களுக்கு சேஃப்ஏரியா இந்த வேலையைச் செய்துதரும்.

அடுத்தது, திருப்பினால் அழிந்துபோவது. எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய குறையாகப் பட்டது இதுதான், ஏனென்றால் இங்கே போவது ஒருவருடைய உழைப்பின் கணக்கு. படகில் போனை யாரும் திருப்புவதுகூட இல்லை. ஐஸ் பெட்டி மூடி மேல் மல்லாக்க வைத்திருப்பார்கள். படகு ஒரு பக்கம் சாயும்போது போன் தன்னாலே படுக்கை வாக்குக்குப் போகும், மறுபக்கம் சாய்ந்தால் திரும்பி வரும். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் அந்தத் திரையை அழித்து முதலிலிருந்து கட்டுவதுதான் இயல்பான நடைமுறை. பாதி அடித்த எடை, தேர்ந்தெடுத்த மீன், பட்டியலில் நின்ற இடம், இதையெல்லாம் எங்காவது பத்திரமாக வைத்துத் திருப்பிக் கொடுக்காவிட்டால் போய்விடும்.

இதற்கு, செயலியின் அமைப்புகளைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் ஒரு வரி சேர்த்து, திசை மாறினாலும் திரையை அழிக்காதே என்று சொல்லிவிடலாம் என்று சில நண்பர்கள் யோசனை சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது திருப்புவதை மட்டும்தான் சமாளிக்கும். நினைவகம் குறைந்த போனில் ஏலத்துக்கு நடுவே ஒரு அழைப்பு வந்து, பிறகு கேமரா திறந்தால், பின்னால் இருக்கும் நம் செயலியை இயங்குதளம் மொத்தமாக நிறுத்திவிடும். அப்போதும் அதே இழப்புதான். மூன்று அடுக்காக வைத்துக்கொள்வது நல்லது. திசை மாறுவதைத் தாங்க வியூமாடல் (திரை அழிந்தாலும் தகவலை நினைவில் வைத்திருக்கும் பகுதி) போதும். செயலியே நிறுத்தப்பட்டுத் திரும்ப வந்தால், எந்தத் திரையில் எந்த மீன் தேர்வில் இருந்தது என்பது போன்ற சின்னத் தகவல்களுக்கு சேவ்டுஸ்டேட் அல்லது காம்போஸின் (ஆண்ட்ராய்டில் திரை கட்டும் கருவித்தொகுப்பு) ரிமெம்பர்சேவபிள். ஆனால் எடையும் விலையும் அந்த இரண்டையும் நம்பி இருக்கக் கூடாது. ஒவ்வொரு எண்ணை அடித்ததும் அது போனின் தரவுத்தளத்தில் வரைவாகப் பதிவாகிவிட வேண்டும். சேமிக்கும் பட்டன் அந்த வரைவை முடித்து வைக்க மட்டும்தான். இதைச் செய்த பிறகு படகு எப்படி ஆடினாலும், பேட்டரி தீர்ந்து போன் அணைந்தாலும் அடித்தது அடித்தபடி இருக்கிறது.

"பேசாம நிமிர்த்துன வாக்குலயே பூட்டிரலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. கேபினில் படுக்க மாட்டியவரை நான் எப்படிப் பூட்டுவது? அவர் கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற அணுகல் நெறியிலேயே, அவசியம் இல்லாமல் ஒரு திசைக்குள் அடைக்காதே என்று இருக்கிறது. சக்கர நாற்காலியில் போனைப் பொருத்தி வைத்திருப்பவர்களை நினைத்து எழுதிய விதி அது, எங்கள் டிரைவர்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. பியானோ செயலி மாதிரி வேறு வழியே இல்லாதவற்றுக்கு மட்டும் விலக்கு. அதுபோக, ஆண்ட்ராய்டு 16-ஐ இலக்காக வைத்தால், குறுகிய பக்கம் 600 டிபியோ அதற்கு மேலோ உள்ள திரைகளில் இந்தப் பூட்டை இயங்குதளம் பொதுவாக மதிக்காது. பூட்டி வைத்துத் தப்பிக்கும் வழி டேபில் அடைபட்டுக்கொண்டே வருகிறது.

வாடிக்கு வருவோம். ஏலம் நடக்கும்போது எண்கள் வேகமாக வரும். ஒரு குவியல் போய் அடுத்த குவியல் வந்துகொண்டே இருக்கும், நின்று நிதானமாக அடிக்க முடியாது. கை ஈரமாக இருக்கும், செதில் ஒட்டியிருக்கும். பழைய திரையில் எடைப் பெட்டியைத் தொட்டதும் போனின் விசைப்பலகை மேலே ஏறி வரும். பழைய போனில் பாதித் திரை போய்விடும், சேமிக்கும் பட்டன் அடியில் மாட்டிக்கொள்ளும். படுக்கை வாக்கில் இன்னும் மோசம்: விசைப்பலகை திரை முழுக்க விரிந்து, அடிக்கும் எண் மட்டும் தெரியும், எந்த மீனுக்கு அடிக்கிறோம் என்பது தெரியாது. பட்டன் இல்லை என்று வந்த புகார் இதுதான். பட்டன் இருந்தது, விசைப்பலகைக்குக் கீழே.

இதற்குப் பொதுவான தீர்வு உண்டு. விசைப்பலகை வரும்போது திரை சுருங்கி, பட்டன் அதற்கு மேலே வந்து நிற்கும்படி செய்யலாம். மற்றத் திரைகளில் அதைத்தான் செய்திருக்கிறேன். ஏலத் திரையில் மட்டும் விசைப்பலகையையே எடுத்துவிட்டு, செயலிக்குள்ளேயே ஒரு எண் பலகை வைத்தேன். அங்கே எழுத்தே தேவையில்லை, எண்ணும் புள்ளியும்தான். நிமிர்த்திப் பிடித்தால் பலகை கீழே, படுக்க வைத்தால் வலப்பக்கம். 360 டிபி உயரத்தில் மேல் பட்டை 24 போக 336 மிச்சம். நான்கு வரிசை, ஒவ்வொன்றும் 64 டிபி என்றால் 256, அதற்கு மேல் இன்னும் இடம் இருக்கிறது. தொடும் பரப்பு குறைந்தது 48 டிபி என்பது பொது வழக்கம். ஈரக் கைக்கு 48 போதாது என்பது வாடியில் ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம் எழுத்து அளவு. வாடியில் கணக்கு எழுதும் அக்கா ஒருவரின் போனில் எல்லாமே ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. அமைப்பில் எழுத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னதும் அக்கா மறுத்துவிட்டார்: "அதைக் குறைக்கச் சொல்லாத தம்பி. கண்ணு தெரியாமத்தான் கூட்டி வச்சிருக்கேன்." அவர் சொன்னதுதான் நியாயம். எழுத்தைப் பெரிதாக்குவது என்றால் திரையைச் சின்னதாக்குவது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 411 டிபி அகலத்தில் எழுத்து ஒன்றரை மடங்கு என்றால் எனக்குக் கிடைப்பது 274 அகலத் திரை. அகலத்தை எழுத்துப் பெருக்கத்தால் வகுத்து, வரும் எண்ணை வைத்து அமைப்பைத் தேர்ந்தெடுப்பது எளிதான வழி. ஆண்ட்ராய்டு 14-லிருந்து எழுத்தை 200 சதவீதம் வரை கூட்டலாம் என்பதால், இதைத் தள்ளிப்போடவும் முடியாது. பெயர், எடை, விலை மூன்றும் ஒரே வரியில் இருந்தது, இடம் போதாவிட்டால் பெயர் ஒரு வரி, எண்கள் அடுத்த வரி என்று தானாக மடிந்துகொள்ளும்படி மாற்றினேன்.

தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும் என்பதையும் அந்தப் போனில்தான் நன்றாகப் பார்க்க முடிந்தது. பெட்டிக்கு உயரம் 40 என்று அடித்து நிறுத்தியிருந்தால், எழுத்து பெருத்ததும் 'மீ'யின் மேல் சுழி வெட்டுப்படும், 'சூ'வின் அடிப்பகுதி கீழே வெட்டுப்படும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். குறைந்தபட்ச உயரம் மட்டும் கொடுத்துவிட்டு, மேலே எவ்வளவு வளர்ந்தாலும் வளரட்டும் என்று விடுவதுதான் சரி.

இடம் பற்றாதபோது பெயரை வெட்டுவதில் இன்னும் ஆபத்து இருக்கிறது. மீன் பட்டியலில் 'கணவாய் - ஊசி', 'கணவாய் - ஓடு' என்று இரண்டு பெயர்கள் இருந்தன. பெரிய திரையில் ஒரு குழப்பமும் இல்லை. சிறிய திரையில் இரண்டுமே 'கணவாய்…' என்று வெட்டுப்பட்டு நின்றன. விலை வேறு, வாங்குகிற ஆள் வேறு, ஆனால் திரையில் இரண்டும் ஒன்று. பெயர்களை ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய் என்று வாய்வழக்கில் இருப்பது போலவே மாற்றியதும், எங்கே வெட்டினாலும் வித்தியாசம் முன்னாலேயே தெரிந்தது. சின்னத் திரைக்காகப் பெயரின் முதல் எழுத்தை ஒரு வட்டத்தில் போடும் ஏற்பாடும் இருந்தது. சீலா என்றாலும் 'ச', சூடை என்றாலும் 'ச'. நாம் ஒரு எழுத்து என்று நினைக்கும் 'சீ', கணினிக்குள் ச என்றும் அதன் மேல் வரும் குறி என்றும் இரண்டு எண்களாக இருக்கிறது. முதல் எண்ணை மட்டும் எடுத்தால் இப்படித்தான் ஆகும். பிரேக்இட்டரேட்டர் வைத்து முழு எழுத்தாகப் பிரித்து எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

கீழக்கரை டேபில் வந்த புகார் நேர் எதிர்: இடம் அதிகம், அதை என்ன செய்வது என்று செயலிக்குத் தெரியவில்லை. போனுக்கு எழுதிய படிவத்தை 1280 டிபிக்கு இழுத்து விரித்திருந்தது. மீன் பெயர் இந்தக் கோடியில், விலை அந்தக் கோடியில். கண் ஒரு வரியிலிருந்து நழுவி அடுத்த வரி விலையைப் படித்துவிடும். படிவத்தின் அகலத்தை 600 டிபியோடு நிறுத்தி, மிச்ச இடத்தில் அன்றைய கணக்குப் பட்டியலைக் கொண்டுவந்தேன். எழுத்தை ஊதிப் பெரிதாக்கி இடத்தை நிரப்புவது வீண் வேலை. பெரிய திரை கேட்பது அடுத்துத் தேவைப்படும் தகவலைத்தான்.

அந்தக் கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். "காக்கா, நா ஒரு பக்கம் வாட்ஸ்அப்புல விலை கேட்டுக்கிட்டே இன்னொரு பக்கம் கணக்குப் போடணும்" என்று அவருடைய தம்பி கேட்டிருக்கிறார் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்). ஆண்ட்ராய்டு 7-லிருந்தே திரையை இரண்டாகப் பிரிக்கலாம். 1280 அகல டேபில் பாதி எடுத்தால் 640-க்குச் சற்றுக் குறைவு. கருவி டேப்தான், ஆனால் நம் செயலிக்குக் கிடைத்த இடம் நடுத்தரம். நடுக்கோட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் குறுகல். இதனால்தான் "இது டேபா?" என்று கருவியைக் கேட்கும் வரிகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, "இந்த நொடியில் என் சாளரம் எவ்வளவு?" என்று கேட்கும்படி மாற்றினேன். ஃபிளட்டரில் லேஅவுட்பில்டர், வலைப்பக்கத்தில் கன்டெய்னர் குவெரி, இரண்டும் இதே கேள்வியைத்தான் கேட்கின்றன. மடக்கும் போன் ஒன்று அந்தக் கடைக்கு வந்தபோது நான் புதிதாக ஒரு வரி எழுத வேண்டியிருக்கவில்லை. மூடினால் குறுகல், விரித்தால் நடுத்தரம், தானாகப் பொருந்திக்கொண்டது.

சோதிப்பதற்கு எல்லாப் போனையும் வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். போனின் அமைப்பில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற பகுதியில் ஸ்மாலஸ்ட் விட்த் (குறுகிய பக்கத்தின் அகலம்) என்று ஒன்று இருக்கிறது. முதலில் இருக்கும் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு 320 என்று போட்டால் கையில் இருக்கும் போனே சிறிய போனாகிவிடும், 600 போட்டால் டேப் போல நடந்துகொள்ளும். அதே இடத்தில் டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ் (விட்டுப் போன திரைகளை வைத்திருக்காதே) என்பதைப் போட்டுவிட்டு வேறு செயலிக்குப் போய்த் திரும்பினால், அடித்தது நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். எமுலேட்டரில் (கணினிக்குள் ஓடும் போலிப் போன்) அளவு மாற்றக்கூடிய கருவி ஒன்றும் கிடைக்கிறது. நேரம் இல்லையென்றால் ஒரே ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள்: 320 அகலம், எழுத்து ஆகப் பெரிது, படுக்கை வாக்கு, மூன்றையும் சேர்த்து வையுங்கள். அதில் ஒரு பதிவை முழுசாக முடிக்க முடிந்தால் மற்றவை பெரும்பாலும் தாங்கும்.

மேசையில் தெரியாதவை படகுத் துறையில் தெரியும். உச்சி வெயிலில் வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்து இருக்கும் இடமே தெரியாது. பின்னணிக்கும் எழுத்துக்கும் 4.5-க்கு 1 என்ற வேறுபாடு குறைந்தபட்சம் என்கிறது அணுகல் நெறி. நான் விலைக்கும் எடைக்கும் கறுப்பைத் தவிர வேறு நிறம் வைப்பதில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் மராமத்தில் நிற்கும், டிரைவர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். புதுத் திரைகளை அப்போதுதான் அவர்கள் கையில் கொடுப்பேன். ஆனால் நிற்கிற படகில் பார்ப்பது பாதிச் சோதனைதான். தடை முடிந்து, கச்சான் காற்று வீசும்போது ஓடுகிற படகில் ஒரு தடவை பார்த்த பிறகே எல்லாருக்கும் அனுப்புவேன்.

கடைசியாக ஒரு இடம் இருக்கிறது, அங்கே மட்டும் இவ்வளவு நேரம் சொன்னதற்கு மாறாகச் செய்ய வேண்டும். பங்கு பிரித்ததும் யாருக்கு எவ்வளவு என்ற சீட்டைப் படமாக்கி வாட்ஸ்அப்பில் ஆட்களுக்கு அனுப்புவார்கள். பழைய செயலி திரையில் இருப்பதை அப்படியே படமெடுத்து அனுப்பியது. முதலாளியின் டேபில் எடுத்த அகலமான படம், கடலுக்குப் போன ஆளின் ஐந்து இஞ்ச் போனில் எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது. தன் பங்கு எவ்வளவு என்று படிக்க ஒருவர் படத்தை இரண்டு விரலால் இழுத்து இழுத்துத் தேடுவதைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அந்தச் சீட்டு அனுப்புகிறவரின் திரைக்குப் பொருந்தவே கூடாது, வாங்குகிறவரின் திரைக்குப் பொருந்த வேண்டும்.

அதனால் சீட்டுக்கென்று தனி அமைப்பு எழுதினேன். எந்தக் கருவியிலிருந்து அனுப்பினாலும் அகலம் 360 டிபி, மூன்று மடங்கு நெருக்கத்தில் 1080 பிக்சல். அனுப்புகிறவர் போனில் எழுத்து எந்த அளவில் இருந்தாலும் சீட்டின் எழுத்து மாறாது. படகின் பெயர், தேதி, மொத்த விற்பனை, மொத்தச் செலவு மேலே. அதற்குக் கீழே ஆளுக்கு ஒரு வரி, பெயர் இடப்பக்கம், தொகை வலப்பக்கம், நடுவில் கண் நழுவாமல் இருக்கப் புள்ளிக்கோடு. ஆள் கூடினால் படம் அகலமாகாது. ரொம்ப நீளமாகிவிட்டால் இரண்டு படமாகப் பிரித்து, இரண்டிலும் படகின் பெயரையும் தேதியையும் போட்டு அனுப்பும்.